மனச்சோர்வும் மூலிகையும்

(சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாவில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதே மரபு. நானும் அவ்வாறே பேச எண்ணியிருந்தேன். ஆனால் விழாக் குழுவினர் என்னை அழைக்க வந்த நாளில், அவர்களோடு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர், மற்றவர்கள் வெளியே சென்ற பின்னும் தயங்கி நின்றார். பிறகு தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். மனச்சோர்வைப் போக்கி உள்ளக் கிளர்ச்சி தரும் மூலிகை மாத்திரை என்று அதில் ஒரு விளம்பரம். "ஐயா, மூலிகைதானே! சாப்பிட்டால் கெடுதல் ஒன்றும் வராதல்லவா?" என்று கேட்டார். யாருக்காகக் கேட்கிறாய் என்று நான் வினவவில்லை. அவருடைய குரலே அதைச் சொல்லிவிட்டது. அன்று அவரோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். அவரைப் போல் கேட்கத் தயங்கி நிற்போர் இங்கும் சிலர் இருக்கக்கூடும். ஆகவே அந்தக் கேள்விக்குரிய விடையையே இன்று என் உரையாக வைக்கிறேன்.

நான் வரலாறு படித்தவன்; மருத்துவன் அல்லேன். எனவே வரலாற்றின் வழியாகவே விடை தேடுகிறேன். முதலில் என் வீட்டு வரலாறு. அடுத்து ஒரு வேரின் வரலாறு.

என் தாய்மாமன் ஒருவர் செங்கல் சூளையில் வேலை செய்தவர். எங்கள் தெருவில் முதன்முதலாகச் சரளமாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர் அவர். மாலையில் வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து, படிப்பகத் திண்ணையில் அமர்ந்து, படிக்கத் தெரியாதவர்கள் கேட்கும்படி நாளிதழை உரக்கப் படிப்பார். நான் எழுத்தறிந்தது பள்ளியில். படிக்க ஆசைப்பட்டது அவர் குரலைக் கேட்டு.

நான் பி.எட். படித்துக்கொண்டிருந்த காலத்தில் அவருக்கு இரத்தக் கொதிப்பு வந்தது. சந்தையில் வேர்ப்பொடி விற்ற ஒருவர், கொதிப்புக்கும் உறக்கத்துக்கும் கண்கண்ட மருந்து என்று சொல்லிச் சர்ப்பகந்திப் பொடியைக் கொடுத்தார். மாமாவும் அளவு பாராமல் மாதக்கணக்கில் உண்டார். உறக்கம் நன்றாக வந்தது. தலைச்சுற்றலும் குறைந்தது. ஆனால் சில மாதங்களில் மாமா வேறு மனிதராகிவிட்டார். மூக்கு எப்போதும் அடைத்துக்கொண்டே இருந்தது. நடை தளர்ந்தது. உணவு வேண்டாம் என்றார். நாளிதழைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாலும் விரித்துப் பார்க்கமாட்டார். "எனக்கு ஒரு குறையும் இல்லை அக்கா. ஆனால் ஒன்றிலும் மனம் செல்லவில்லை" என்று என் தாயிடம் சொன்னார். உறவினர் செய்வினை என்றனர். கயிறு கட்டினர். இருந்த சிறு சேமிப்பும் அதில் கரைந்தது.

இனி அந்த வேரின் வரலாற்றைப் பார்ப்போம். மாமாவுக்கு நேர்ந்தது என்ன என்பதும் அதிலேயே விளங்கும்.

மருந்துவாழ்மலையின் நிழலில் வளர்ந்த நமக்கு மூலிகை புதிதன்று. நம் மேற்கு மலைத்தொடரின் ஈரக் காடுகளில் வளரும் சிறு செடிகளுள் ஒன்று சர்ப்பகந்தி. சர்ப்பகந்தா என்றும் கூறுவர். மலையாள நாட்டில் அதற்கு அமல்பொரி என்று பெயர். பாம்புக்கடிக்கும், உறக்கமின்மைக்கும், சித்தப் பிரமைக்கும் அதன் வேரை நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். வடநாட்டில் 'பைத்தியத்துக்கு மருந்து' என்ற பொருளிலேயே மக்கள் அதை அழைத்தனர். ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன்: பாம்புக்கடிக்கு இந்த வேர் மருந்தாகாது. மருத்துவமனையில் உள்ள விஷமுறிவு ஊசியே அதற்கு மருந்து.

1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனநோயையும் இரத்தக் கொதிப்பையும் தணிப்பதை மருத்துவ இதழில் எழுதினர். அதே ஆண்டில் தில்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் அவருடைய உடனாய்வாளரும் அவ்வேரிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தனர். அவற்றுள் ஒன்றுக்கு ஹகீம் அஜ்மல்கானின் நினைவாக 'அஜ்மலின்' என்று பெயரிட்டனர். 1949இல் பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்தக் கொதிப்பு நோயாளிகளிடம் இவ்வேரைச் சோதித்துக் கண்ட பயனை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். உலகம் அப்போதுதான் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்து ஆய்வாளர்கள், வேரின் ஆற்றலுக்குக் காரணமான முதன்மைப் பொருளைப் பிரித்து 'ரெசர்பின்' என்று பெயரிட்டனர். 1954இல் நியூயார்க் மாநிலத்தின் ராக்லண்ட் மனநல மருத்துவமனையில் நேதன் கிளைன், அது கொந்தளித்த மனநோயாளிகளை அமைதிப்படுத்துவதை எழுதினார்.

அதே 1954இல் மற்றொரு செய்தியும் வந்தது. இரத்தக் கொதிப்புக்காக ரெசர்பினை அதிக அளவில் நெடுநாள் உண்டவர்களுள் சிலர், வெளியில் காரணம் ஏதுமின்றிக் கடும் மனச்சோர்வில் ஆழ்ந்ததை எட்வர்ட் பிரைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். பிள்ளை இறக்கவில்லை, பொருள் அழியவில்லை, ஆயினும் உலகமே இருண்டுவிட்டது போன்ற நிலை. மருந்தை நிறுத்தியபின் பலர் மீண்டனர்.

இது எப்படி நேர்ந்தது? நம் மூளையில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உள்ளன. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. முதல் அணு ஒரு வேதிப்பொருளை அவ்விடைவெளியில் சிந்துகிறது. அடுத்த அணு அதை ஏற்றுச் செய்தியை உணர்கிறது. செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமின் என்பன அத்தகைய செய்திப் பொருள்களுள் சில. நம் உறக்கம், பசி, ஊக்கம், மகிழ்ச்சி, உடலசைவு ஆகியவற்றில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

நாஞ்சில் நாட்டில் பிறந்த நமக்கு இதை நெல்லைக் கொண்டே விளக்கலாம். அறுத்தடித்த நெல்லைப் பத்தாயத்தில் சேர்த்து வைத்து, வேண்டும்போது எடுக்கிறோம். நரம்பணுவும் தன் செய்திப் பொருளை நுண்ணிய பைகளில் சேர்த்து வைக்கிறது. அந்தப் பையே அதன் பத்தாயம். ரெசர்பின் செய்வது, பத்தாயத்தின் வாயை அடைத்துவிடுவது. நெல் உள்ளே செல்ல இயலாமல் களத்திலேயே கிடக்கிறது. களத்தில் கிடக்கும் நெல்லை எலி விடுமா? அணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி அச்செய்திப் பொருளைச் சிதைத்துவிடுகிறது. சில நாட்களில் பத்தாயம் வெறுமையாகிறது. அதன்பின் அணு எதைக் கொண்டு செய்தி அனுப்பும்? மருந்தை நிறுத்தினாலும் பத்தாயம் மீண்டும் நிறைய நாட்கள் பல ஆகும்.

ரெசர்பின் மூளையின் செரட்டோனினை வற்றச் செய்கிறது என்பதை 1955இல் அமெரிக்காவில் பெர்னார்ட் பிராடியின் ஆய்வுக்கூடம் கண்டது. 1957இல் ஸ்வீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு 'எல்-டோபா' என்னும் பொருளைச் செலுத்தினார். உடல் அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். முயல்கள் எழுந்து நடந்தன. நடுக்குவாத நோய்க்கு மருந்து பிறந்தது இவ்வழியிலேதான். 2000ஆம் ஆண்டில் கார்ல்சன் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். அந்த எல்-டோபா நம் வேலிகளில் படரும் பூனைக்காலியின் விதையிலும் இருக்கிறது என்பது வியப்புக்குரிய செய்தி.

இனி மாமாவிடம் வருவோம். கடைசியில் அவரை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "இரத்தக் கொதிப்புக்கு என்ன சாப்பிடுகிறீர்கள்?" நாங்கள் மருந்து ஒன்றும் இல்லை என்றோம். பொடியை நாங்கள் மருந்தாகவே எண்ணவில்லை. அவர் மீண்டும் மீண்டும் கேட்டபோதுதான் பொட்டலம் நினைவுக்கு வந்தது. அவர் அதை நிறுத்தச் சொல்லி, கொதிப்புக்கு வேறு மாத்திரை தந்து, வாரந்தோறும் வரச் சொன்னார். வாரங்கள் பல சென்றன. ஒரு மாலை நான் ஊருக்கு வந்தபோது படிப்பகத்தில் நாளிதழ் படிக்கும் குரல் கேட்டது. தெருமுனையிலேயே நின்றுவிட்டேன். அந்த நாளை நான் மறந்ததில்லை.

ஒருவர் கதையைக் கொண்டு விதி வகுத்தல் ஆகாது என்பதையும் ஓர் ஆசிரியன் சொல்லியாக வேண்டும். 1955இல் இலண்டனில் டேவிஸ், ஷெப்பர்ட் என்னும் இருவர் நடத்திய ஆய்வில், பதற்றமும் சோர்வும் கொண்ட நோயாளிகள் சிலருக்கு ரெசர்பின் நன்மையே செய்தது. இவ்வேர் எல்லோரையும் சோர்வில் ஆழ்த்தும் என்று இன்று ஆய்வாளர்கள் கூறுவதில்லை. அளவும், உண்பவரின் உடல்நிலையும், முன்பு சோர்வு நோய் இருந்ததா என்பதும் பொருட்படுத்தத்தக்கவை. செரட்டோனின் குறைவு ஒன்றே மனச்சோர்வுக்குக் காரணம் என்று பல்லாண்டுகள் எளிமையாகச் சொல்லி வந்தனர். அதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022இல் வெளிவந்த விரிவான மதிப்பாய்வு கூறிற்று. மூளை ஒரு பத்தாயத்தைவிடப் பன்மடங்கு நுட்பமானது.

ஆயினும் இரண்டு உண்மைகள் இவ்வேரின் வரலாற்றில் தெளிவாக உள்ளன. ஒரு வேரால் மனத்தின் நிலை மாறக்கூடுமானால், மனச்சோர்வில் உடலுக்கும் பங்குண்டு. அதைக் கோழைத்தனம் என்றும், சோம்பல் என்றும், செய்வினை என்றும் சொல்வது அறியாமை. இது முதல் உண்மை. அவ்வளவு ஆற்றல் ஒரு வேருக்கு இருக்குமானால், மூலிகை என்பதாலேயே அது தீங்கற்றதாகிவிடாது. இது இரண்டாம் உண்மை.

இவ்வேரின் செயல் மூளையோடு நின்றுவிடுவதுமில்லை. மூளையின் அடிப்புறத்தில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி உள்ளது. தாய்ப்பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் அதிலிருந்து வருகிறது. அளவுக்கு மீறி அது சுரவாதபடி தடுத்து நிற்பது டோபமின். டோபமின் குறைந்தால் தடை நீங்குகிறது. அதனால் ரெசர்பின் உண்ட பெண்கள் சிலருக்கு மாதவிலக்குத் தவறுவதும், பிள்ளை பெறாதபோதே பால் சுரப்பதும் உண்டு. ஆண்கள் சிலருக்கு மார்பு பெருப்பதும் ஆண்மை குன்றுவதும் உண்டு. சகோதரிகளே, காரணம் அறியாத ஒரு பெண்ணுக்கு ஊரார் என்னென்ன சொல்வார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மனநிலையோடு தொடர்புடைய ஹார்மோன் வேறும் உண்டு. அச்சமோ இன்னலோ நேரும்போது மூளை பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பிக்கும் ஆணையிட, கார்ட்டிசால் சுரக்கிறது. ஆபத்துக் காலத்தில் அது நமக்குத் துணை. ஆனால் இன்னல் ஓயாமல் தொடர்ந்தால் அச்சுரப்பின் ஒழுங்கு குலைகிறது. கடும் மனச்சோர்வுற்றோர் பலரிடம் கார்ட்டிசால் மிகுந்திருப்பதைக் கண்டுள்ளனர். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சோர்வும் மந்தமும் தோன்றி, மனநோய் போலவே தெரியும். இதை ஓர் இரத்தப் பரிசோதனையால் அறியலாம், மாத்திரையால் சரிசெய்யலாம். அமுக்கராக் கிழங்கு கார்ட்டிசாலைக் குறைப்பதாகச் சில சிறு ஆய்வுகள் கூறுகின்றன. அதே கிழங்கு தைராய்டு சுரப்பைக் கூட்டக்கூடும். அரிதாகக் கல்லீரலையும் தாக்கியுள்ளது. ஆகவே அதையும் கேட்டறிந்தே உண்ணல் வேண்டும்.

சோர்வை நீக்கும் மூலிகையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அந்த மாணவர் காட்டிய விளம்பரத்தில் இருந்ததும் அதுவே. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஐரோப்பியர் அழைக்கும் மஞ்சள் பூச்செடி அது. ஒரு நரம்பணு சிந்திய செய்திப் பொருளை அதே அணு மீண்டும் உறிஞ்சிக்கொள்வது இயல்பு. இச்செடியில் உள்ள ஹைப்பர்போரின் என்னும் பொருள் அதைத் தடுப்பதால், செய்திப் பொருள் இடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கிறது. 2008இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, 5,489 நோயாளிகள் பங்கேற்ற 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மிதமான மனச்சோர்வுக்கு இது வெற்று மாத்திரையைவிட மேலாகவும், வழக்கமான மருந்துகளுக்கு ஏறத்தாழ ஒப்பாகவும் பயன்பட்டது என்று அது கூறிற்று. ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் நடந்த ஆய்வுகளில் பயன் மிகுதியாகவும், பிற நாடுகளில் குறைவாகவும் தெரிந்தது. மூலிகையை நான் இகழவில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஆனால் அதே ஹைப்பர்போரின் கல்லீரலை முடுக்கி, வேறு மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைப் பெருக்குகிறது. கருத்தடை மாத்திரையும் அவ்வாறு சிதைகிறது. அது ஹார்மோனால் ஆனதன்றோ! இரத்தம் உறையாமைக்கு உண்ணும் வார்பரின், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர் உண்ணும் சைக்ளோஸ்போரின், எச்.ஐ.வி. நோய்க்குரிய மருந்துகள் சில ஆகியவையும் வலுவிழக்கின்றன. மருத்துவர் தரும் மனச்சோர்வு மாத்திரையோடு இதையும் சேர்த்து உண்டால், செரட்டோனின் அளவு மீறி, காய்ச்சலும் நடுக்கமும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். விளம்பரத்தில் இவற்றுள் ஒன்றேனும் இருந்ததா என்று அந்த மாணவரிடம் கேட்டேன். இல்லை என்றார்.

இளைஞர்களே, இன்னொன்றையும் மறைக்காமல் பேசுவோம். நம் பிள்ளைகளின் சோர்வெல்லாம் சுரப்பியால் வந்ததன்று. கல்லூரி விடுதியில் சாதியைக் கேட்டுக் குத்தும் சொல், வீட்டில் முதல் பட்டதாரி என்னும் சுமை, தேர்வில் தவறினால் தெருவே தவறியதுபோல் எழும் வெட்கம் ஆகிய இவை மனத்தை அழுத்துகின்றன. அவமதிப்பு நோயன்று, அது அநீதி. அதற்கு மருந்து வேரிலும் இல்லை, மாத்திரையிலும் இல்லை. அதை எதிர்க்கவே நாம் சங்கம் கண்டோம். ஆனால் அநீதியால் காயமுற்றவன் காயத்துக்கு மருந்திடலாகாது என்று யார் சொன்னது? கால் முறிந்தவன் கட்டுப்போட்டுக்கொண்டும் வழக்காடலாம். உள்ளம் முறிந்தவனும் அவ்வாறே.

ஆகவே என் வேண்டுகோள் இது. இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, வாழ்வே வேண்டாம் என்னும் எண்ணம் தலைகாட்டினால், ஒளித்துவைக்காமல் ஒருவரிடம் சொல்லுங்கள். ஆசாரிப்பள்ளத்தில் உள்ள நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். 14416 என்னும் எண்ணில் அரசின் தொலைபேசி மனநல உதவி 2022 முதல் இயங்கி வருகிறது. அழைப்பதற்குக் கட்டணம் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு செலவில் நடைபெறும் மனநலச் சிகிச்சையை ஒவ்வொருவரின் உரிமையாக்கியுள்ளது. உரிமை என்னும் சொல்லின் அருமையை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. மருத்துவர் தரும் மாத்திரை பயன்தர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம், பொறுத்திருங்கள். நலமானதும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சித்த மருத்துவரையோ ஆயுர்வேத மருத்துவரையோ நாடுவோர், முறையாகப் படித்துப் பட்டம் பெற்றவரை நாடுங்கள். எந்த மருத்துவரிடம் சென்றாலும், உண்ணும் பொடி, லேகியம், கஷாயம் அனைத்தையும் சொல்லுங்கள். பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

முடிப்பதற்கு முன் ஒரு கனவையும் சொல்கிறேன். சர்ப்பகந்தியின் வரலாற்றில் அறிஞர் பெயர்கள் பல வந்தன. காட்டில் அவ்வேரை இனங்கண்டு தோண்டிக் கொடுத்த எளியவர்களின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இல்லை. ஆனால் நம் அண்டையிலேயே வேறொரு வழியும் பிறந்தது. 1987இல் அகத்தியமலைக்குச் சென்ற ஆய்வாளர்கள், வழிகாட்டிய காணி மக்கள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுவிட்டுக் களைப்பின்றி ஏறுவதைக் கண்டு கேட்டறிந்தனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து பாலோட்டில் உள்ள தாவர ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் அதைத் தயாரிக்கும் உரிமையை ஒரு மருந்து நிறுவனத்துக்கு அளித்தபோது, உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. அறிவைக் கொடுத்தவர்க்கு அதன் பயனிலும் பங்குண்டு என்பது அங்கே ஏற்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்த பச்சிலைகள் எத்தனை! அவற்றை எழுதி வைப்பவரும், ஆய்வுக்கூடத்தில் சோதித்து நன்மை இது, தீமை இது என்று பிரித்துச் சொல்பவரும் இச்சங்கத்துப் பிள்ளைகளிலிருந்தே வரவேண்டும்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன விடையையே உங்களுக்கும் சொல்லி அமர்கிறேன். "தம்பி, மூலிகை என்பது மருந்து. மருந்தென்றால் அதற்கு அளவு உண்டு, வேளை உண்டு, ஆகாத ஆளும் உண்டு. உனக்கு எது ஆகும் என்பதை விளம்பரம் சொல்லாது. நாளைக் காலை நான் உன்னோடு மருத்துவமனைக்கு வருகிறேன்" என்றேன். மறுநாள் இருவரும் ஒரே பேருந்தில் சென்றோம். அவர் இப்போது நலமாக இருக்கிறார்; இதைச் சொல்ல எனக்கு இசைவும் தந்திருக்கிறார். உங்களில் யாருக்கேனும் அத்தகைய துணை வேண்டுமாயின், என் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.